கோப்பிக்குக் கண் மருந்து

நாய்க்கு மாத்திரை கொடுக்க எத்தனையோ வழிகள் உண்டு. வேகவைத்த கோழித் துண்டுக்குள் மறைத்து வைக்கலாம். வாழைப்பழத்தோடு பிசைந்து ஊட்டலாம். நாய்க்குத் தெரியாமலேயே மருந்து வயிற்றுக்குள் போய்விடும். கண் மருந்து அப்படியன்று. அதை எதற்குள்ளும் மறைக்க முடியாது. மருந்துப் போத்தல் நாயின் கண்ணெதிரே வர வேண்டும். அந்தக் கண் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடி நாய் அசையாமல் இருக்க வேண்டும். நாயின் ஒத்துழைப்பு இல்லாமல் நெடுநாள் கொடுக்க முடியாத மருந்து அது.

இதைப் புரிந்துகொள்ள ஈசூனில் வாழும் ஒரு குடும்பத்திற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அவர்களின் வீடு. பாட்டி, அப்பா, அம்மா, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன் என வீட்டில் ஐவர். ஆறாவது, கோப்பி. பழுப்பும் வெள்ளையும் கலந்த எட்டு வயது ஷீ ட்ஸூ நாய். பால் கலந்த கோப்பியின் நிறம் என்று பாட்டிதான் அந்தப் பெயரை வைத்தார்.

வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் இனங்களுள் ஷீ ட்ஸூவும் ஒன்று. சீன மொழியில் அந்தப் பெயருக்குச் ‘சிங்க நாய்’ என்று பொருள். சிங்கத்துக்குரிய குணம் எதுவும் கோப்பியிடம் இருந்ததில்லை. இடி இடித்தால் பாட்டியின் கட்டிலுக்குக் கீழே போய்விடும். தட்டையான முகமும், முன்னோக்கிப் பிதுங்கிய பெரிய கண்களும் அந்த இனத்தின் அடையாளம். அழகு என்று கருதி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்த முகமே அதன் கண்ணுக்குக் கேடாகவும் அமைந்துவிட்டது. காற்றும் தூசியும் அந்தக் கண்களில் எளிதில் படும். சில நாய்களுக்குத் தூங்கும்போதுகூட இமைகள் முழுமையாக மூடுவதில்லை.

கோப்பியின் கண்ணோரத்தில் காலையில் கொஞ்சம் பீளை சேர்ந்திருப்பது வழக்கம்தான். பாட்டி அதை ஈரப் பஞ்சினால் துடைத்துவிடுவார். ஆனால், ஒரு வாரத்துக்குள் அந்தப் பீளை பசைபோல் கெட்டியாகவும் மஞ்சள் கலந்த பச்சை நிறமாகவும் மாறியது. துடைத்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சேர்ந்தது. பளபளப்பாக இருந்த வலக்கண் தூசி படிந்த கண்ணாடியைப் போல் மங்கியது. கோப்பி அந்தக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முகத்தைத் தரைவிரிப்பில் தேய்க்கத் தொடங்கியது.

கால்நடை மருத்துவர் செய்த முதல் சோதனை மிக எளிமையானது. மெல்லிய தாள் துண்டு ஒன்றின் நுனியை மடித்து, கோப்பியின் கீழிமைக்குள் செருகினார். ஒரு நிமிடம் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் கண்ணீர் தாளில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்பதே கணக்கு. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903ஆம் ஆண்டில் மனிதர்களுக்காக விளக்கிய சோதனை அது; இன்று நாய்களுக்கும் பயன்படுகிறது. நலமான நாயின் கண்ணீர் ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஊறும். கோப்பியின் இடக்கண்ணில் 7 மில்லிமீட்டர். வலக்கண்ணில் 4.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள்.

“பாட்டி, கோப்பிக்குக் கண்ணீரே சரியாகச் சுரக்கவில்லையாம்.”

“அழாத பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே!” என்றார் பாட்டி.

அழுவதற்கு மட்டுமே கண்ணீர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கும் கார்னியா என்னும் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் அதன் வழியே ஒளி தெளிவாகப் புகாது. ஆகவே, அந்தப் படலம் தனக்கு வேண்டிய உயிர்வளியில் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியாகவே பெறுகிறது. தூசியைக் கழுவுவதும் கிருமியைத் தடுப்பதும் கண்ணீர்தான். கோப்பியின் உடலில் இருந்த நோய் எதிர்ப்பு ஆற்றல், எதிரி யார் என்று தெரியாமல் தன் சொந்தக் கண்ணீர்ச் சுரப்பிகளையே தாக்கிக்கொண்டிருந்தது. இதற்கு ‘உலர்கண் நோய்’ என்று பெயர். கவனிக்காமல் விட்டால் அந்தக் கண்ணாடிப் படலத்தின்மேல் இரத்தக் குழாய்கள் படரும். பிறகு கருமை படரும். இறுதியில் பார்வையை முழுமையாக மறைத்துவிடும். கோப்பியின் வலக்கண்ணின் ஓரத்தில் கருமை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

“இப்போதே மருந்தைத் தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற முடியும். ஆனால், வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருக்கும்,” என்றார் மருத்துவர்.

அவர் கொடுத்த மருந்துகள் மூன்று. கிருமித் தொற்றுக்கான சொட்டு மருந்து, நாளைக்கு மூன்று முறை. செயற்கைக் கண்ணீர், நான்கு முறை. சுரப்பிகளை மீண்டும் இயங்கச் செய்யும் சைக்ளோஸ்போரின் களிம்பு, இரண்டு முறை. ஒரு கண்ணுக்கு ஒன்பது. இரண்டு கண்களுக்கு 18. வீட்டுக்கு வந்ததும் அம்மா அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். எப்போதும் தண்ணீர் போன்ற மருந்து முதலில், களிம்பு கடைசியில். களிம்பை முதலில் தடவினால் அதன் எண்ணெய்ப்பசை அடுத்த மருந்தை உள்ளே விடாது. ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் போவது முன்னால் போனதைக் கழுவிவிடும். தாளில் பார்க்க எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

‘கண்ணை இமை காப்பதுபோல’ என்று தமிழில் சொல்கிறோம். அன்போடு பாதுகாப்பதற்கு அதைவிடச் சிறந்த உவமை இல்லை. ஆனால், மருந்து ஊற்றப் போகிறவருக்கு அந்த இமைதான் எதிரி. நாய்க்கோ மேலிமை, கீழிமை என்ற இரண்டோடு, கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்கே வந்து மூடும் மூன்றாம் இமையும் உண்டு. அப்பா கோப்பியைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அம்மா போத்தலை நேராக முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார். மூன்று இமைகளும் ஒன்றாக மூடிக்கொண்டன. தலை திமிறியது. முதல் சொட்டு நெற்றியில், இரண்டாவது அப்பாவின் கட்டைவிரலில், மூன்றாவது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காவது கண்ணில் விழுந்தது. உண்மையில் நாயின் கண்ணில் ஒரு முழுச் சொட்டு தங்குவதற்கே இடமில்லை; மிச்சம் வழிந்துவிடும். குறி தவறாமல் விழுந்த ஒரே சொட்டு போதும். அந்த ஒன்றுக்குத்தான் இவ்வளவு பாடு.

முதல் இரண்டு நாள் இந்தப் போராட்டத்தில் அப்பா வென்றார். எழுபது கிலோ எடையுள்ள மனிதரை ஏழு கிலோ நாய் எவ்வளவு நேரம் எதிர்க்கும்? ஆனால், ஒவ்வொரு முறையும் கோப்பி எதையோ கற்றுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் துண்டைக் கண்டதும் ஓடியது. ஐந்தாம் நாள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்ததுமே ஓடியது. தொற்றுக்கான சொட்டு மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியிருந்ததால், எல்லா மருந்துகளையும் அம்மா குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். ஒரு வாரத்தில், தம்பி குடிநீர் எடுக்க அந்தக் கதவைத் திறந்தால்கூடக் கோப்பி சோஃபாவின் அடியில் புகுந்தது.

உருசிய நாட்டு அறிஞர் இவான் பாவ்லவின் நாய்களைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். உணவுக்கு முன் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்கள், பிறகு அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறின. செரிமானத்தை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அவர், அந்த ஆய்வுகளின்போதுதான் இதைக் கவனித்தார். ‘எதற்குப் பின் எது வருகிறது’ என்று நாய் ஓயாமல் கணக்கிடுகிறது. நல்லது வரும் என்றால் வாய் ஊறும். கெட்டது வரும் என்றால் கால் ஓடும். குளிர்சாதனப் பெட்டி, துண்டு, அப்பாவின் காலடி ஓசை ஆகிய மூன்றும் கோப்பியின் கணக்கேட்டில் ஒரே பக்கத்தில் ஏறிவிட்டன.

பத்தாம் நாள் மாலை, சோஃபாவின் அடியில் கையை நீட்டிய அப்பாவைக் கோப்பி கடித்தது. பெரிய காயம் இல்லை. விரலில் இரண்டு பல் தடம், கொஞ்சம் இரத்தம். எட்டு ஆண்டுகளில் அது யாரையும் கடித்ததில்லை. அப்பா குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையை வெகுநேரம் கழுவினார். வலியைவிட வேறு ஏதோ அவரை வருத்தியது. மின்தூக்கி ஒன்பதாம் மாடியில் நின்றதும் கதவருகே ஓடிவந்து அவரை வரவேற்கும் நாய் அது. கடந்த நான்கு நாளாக வரவில்லை.

“கடிக்கிற நாயைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?” என்று அம்மா கவலைப்பட்டார்.

“அவன் கடிக்கிற நாய் இல்லையம்மா. பயந்த நாய்,” என்றாள் மகள்.

“மருந்தை நிறுத்திவிட்டால் என்ன?” என்று தம்பி கேட்டான். அந்தக் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது என்று சொல்ல முடியாது. கண் போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். அந்தக் கண்ணைக் காப்பாற்றும் முயற்சியில் நாயின் அன்பே போய்விடுமோ என்ற அச்சம் மறுபுறம். பாட்டி மட்டும் ஒன்று சொன்னார்: “எனக்குக் கண்புரை எடுத்தபோது நானும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன். எரிந்தது. ஆனால், ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியும். இவனுக்கு யார் சொல்வது?”

அன்றிரவு பேசி முடித்தபின், மறுநாளே கோப்பியை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். பத்து நாளில் தொற்று குறைந்திருந்ததால், முதல் சொட்டு மருந்தை அவர் நிறுத்திவிட்டார். செயற்கைக் கண்ணீர் முடிந்தவரை போதும் என்றார். களிம்பு மட்டும் நாளைக்கு இரண்டு முறை தவறவே கூடாது. பதினெட்டாக இருந்தது ஒரே நாளில் நான்காகக் குறைந்தது. உதவி கேட்டால் மருந்துச் சுமை குறையக்கூடும் என்று அவர்களில் யாரும் அதுவரை நினைக்கவில்லை. மருந்தை எழுதித் தரும் பல மருத்துவர்கள், அது வீட்டில் எப்படிப் போடப்படுகிறது என்று கேட்பதில்லை. அந்த மருத்துவர் கேட்டார். செய்தும் காட்டினார்.

எதிரே நிற்கக் கூடாது. நாயின் பார்வையில், முகத்துக்கு நேரே வரும் கை ஒரு தாக்குதல். நாயின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் இருந்துகொண்டு, நாய் பார்க்கும் திசையிலேயே நாமும் பார்க்க வேண்டும். ஒரு கையால் தாடையைத் தாங்கி, மூக்கைச் சற்று உயர்த்த வேண்டும். போத்தலைப் பிடித்த கையின் அடிப்பகுதியை நாயின் தலைமேல் மெல்ல ஊன்றிக்கொள்ள வேண்டும். இதுதான் முக்கியம். நாய் தலையைத் திருப்பினால் கையும் அதோடு சேர்ந்து திரும்பும். போத்தலின் முனை கண்ணைக் குத்தாது. மேலிமையை அந்தக் கையின் ஓரத்தாலேயே சற்றுப் பின்னுக்கு இழுத்து, மேலிருந்து ஒரு சொட்டு விட்டால் போதும். முனை கண்ணிலோ முடியிலோ படக் கூடாது. பட்டால் கிருமி போத்தலுக்குள் போகும். குளிர்ந்த மருந்தை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். களிம்பு என்றால் கீழிமையை இலேசாகக் கீழே இழுத்து, அரிசி மணி நீளத்துக்கு வைத்தால் போதும். கண் சிமிட்டும்போது அது தானே பரவிவிடும்.

மருத்துவர் செய்தபோது நான்கு நொடிதான் ஆனது. மருந்து போட்டதும் கோப்பி நாக்கால் உதட்டை நக்கியது. கண்ணின் மூலையிலிருந்து மூக்கிற்கு ஒரு சிறு குழாய் போகிறது. கண்ணில் விட்ட மருந்து அதன் வழியாகத் தொண்டைக்கு இறங்கும். மருந்தின் கசப்பு நாய்க்குத் தெரியும் என்று அவர் சொன்னதும், இத்தனை நாள் கோப்பி எதை விழுங்கியது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வாரத்தில், எதிர்வீட்டுக்காரர் தம்மிடம் மிஞ்சியிருந்த கண் மருந்தை அன்போடு எடுத்து வந்து கொடுத்தார். பாட்டி வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் போடவில்லை. நல்லவேளை. சில கண் மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் புண் இருக்கும்போது அதைப் போட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம். புண் இருக்கிறதா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே மருத்துவர்கள் சாயம் தோய்ந்த தாளைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்க்கிறார்கள். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

முறை தெரிந்துவிட்டது. ஆனால், சோஃபாவின் அடியில் இருக்கும் நாய்க்கு எந்த முறையில் மருந்து போடுவது? இழந்த நம்பிக்கையை மீட்க நாள் பிடிக்கும். களிம்போ இன்றிரவே போடப்பட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும் என்பதே உண்மையான சிக்கல். அதை மகள் அவிழ்த்த விதம் கெட்டிக்காரத்தனமானது. கட்டாயமாகப் போட வேண்டிய மருந்துக்கு ஓர் இடம். பழகுவதற்கு வேறோர் இடம். களிம்பைச் சமையலறை மேசைமேல், வழுக்காத விரிப்பில் நிற்க வைத்து அம்மா போடுவார். அப்போது பாட்டி முன்னால் நின்று, மசித்த பூசணிக்காயை அகப்பையில் நீட்டுவார். கோப்பி நக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அம்மாவின் வேலை முடிந்துவிடும். துண்டு கிடையாது. அப்பா கிடையாது. வரவேற்பறையில் விரித்த சிவப்புப் பாயோ மகளுடையது. அந்தப் பாயில் கோப்பிக்குப் பிடிக்காத எதுவும் நடக்காது என்பது விதி.

பாயில் நடந்தது ஒரு விளையாட்டு. இலண்டனில் பணியாற்றும் சிராக் பட்டேல் என்ற விலங்குப் பயிற்சியாளர் உருவாக்கிய ‘வாளி விளையாட்டு’ அது. வாளிக்குப் பதிலாக மகள் ஒரு நெகிழிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குள் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகள். (வெங்காயம் போட்ட குழம்பிலிருந்து எடுத்த கோழி ஆகாது, வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.) கோப்பி கிண்ணத்தைப் பார்த்தால் ஒரு துண்டு கிடைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்வரை மகளின் கை மெல்ல அதன் தலையை நோக்கி நகரும். கோப்பி பார்வையை விலக்கினால் கை அந்த நொடியே மடிக்குத் திரும்பிவிடும். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. கிண்ணத்தைப் பார்ப்பது ‘சரி’; பார்க்காமல் இருப்பது ‘வேண்டாம்’. மொழியில்லாத உயிருக்கு இரண்டு சொல் கொடுத்தாயிற்று.

முதல் நாள் கோப்பி பாய்க்கே வரவில்லை. கிண்ணம்தான் சோஃபாவின் அருகில் போனது. இரண்டாம் நாள் மூக்கு வெளியே வந்தது. மூன்றாம் நாள் கோப்பி ஒரு சோதனை நடத்தியது என்றே சொல்லலாம். கிண்ணத்தைப் பார்த்தது, கை நகர்ந்தது. திரும்பிக்கொண்டது, கை நின்றது. மறுபடி பார்த்தது, கை நகர்ந்தது. மறுபடி திரும்பிக்கொண்டது, கை பின்வாங்கியது. ஐந்தாறு முறை இப்படிச் செய்தது. ‘வேண்டாம்’ என்பது உண்மையிலேயே செல்லுபடியாகிறது என்று உறுதியான பிறகு, அது அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது குறைந்தது. இது எப்போதும் வியப்பளிக்கிற ஒன்று. மறுக்கும் உரிமை உள்ளவர்தான் மனம்விட்டுச் சம்மதிக்க முடியும் போலும்.

நெற்றியைத் தொட ஒரு நாள். தாடையைத் தாங்க மூன்று நாள். இமையைத் தொட இன்னும் இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்கு மேல் விளையாடுவதில்லை. நடுவில் ஒரு மாலை, அக்கா குளிக்கப் போயிருந்தபோது தம்பி ஆர்வக்கோளாற்றால் நேராகப் போத்தலையே பாய்க்கு எடுத்து வந்துவிட்டான். கோப்பி எழுந்து போனது. இரண்டு நாள் பாயை மிதிக்கவில்லை. மகள் கோபித்துக்கொண்டு தம்பியிடம் பேசாமல் இருந்தாள். பிறகு பாட்டி சமாதானம் செய்து வைத்து, தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கோப்பியைக் கூப்பிட்டு ஒரு துண்டு கோழி தர வேண்டும். மருந்துகளை வேறு அலமாரிக்கு மாற்றியாகிவிட்டது. அந்தக் கதவின் பழியைத் துடைக்கத் தம்பிக்கு ஒன்றரை வாரம் ஆனது.

சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், விலங்குகள் பராமரிப்பாளரின் சைகைக்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதைக் கண்டிருக்கலாம். அது வேடிக்கைக்காக மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. யானையைத் துண்டால் சுற்றிப் பிடிக்க யாராலும் முடியாது. அங்கே வலிமை பயன்படாது என்பதால், விலங்கின் சம்மதத்தைப் பெறும் கலையை விலங்குத் தோட்டங்கள் முன்னதாகவே வளர்த்துக்கொண்டன. ஏழு கிலோ நாயைத் தூக்கிவிட முடியும் என்பதால்தான் வீடுகளில் அந்தக் கலை தாமதமாக வந்து சேர்ந்தது.

அந்த நாள்களில், களிம்புப் பெட்டியிலிருந்த தாளைப் படித்த மகள், சைக்ளோஸ்போரின் எங்கிருந்து வந்தது என்று தேடினாள். கதை நார்வேயில் தொடங்குகிறது. 1969ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர், விடுமுறைக்குப் போன இடத்தில், ஹார்டாங்கர்விடா என்னும் மேட்டுநிலத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து வந்தார். அந்த மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து கிடைத்த பொருள்தான் சைக்ளோஸ்போரின். உடலின் எதிர்ப்பு ஆற்றலை அது அடக்குவதால், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களுக்கு உயிர்காக்கும் மருந்தாயிற்று. 1980களில், அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான், அதே மருந்து நாய்களின் வறண்ட கண்களில் கண்ணீரை மீண்டும் சுரக்கச் செய்வதைக் கண்டறிந்தார். பிறகே அது மனிதக் கண்களுக்கு வந்தது; 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதர்களுக்கான சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது. பொதுவாக விலங்குகளுக்கு வரும் மருந்து மனிதர்களிடமிருந்து இறங்கி வருவதாக நினைக்கிறோம். இந்தக் கண் மருந்து நாய்களிடமிருந்து நமக்கு வந்தது.

இதைக் கேட்ட பாட்டி, “அப்படியானால் இரண்டு துண்டு கோழி கூடவே கொடு,” என்றார்.

பதினாறாம் நாள் மூடிய போத்தல் பாய்க்கு வந்தது. இருபதாம் நாள் மூடி திறந்தது. இருபத்து மூன்றாம் நாள், கோப்பி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டியின் தொடைமேல் அதன் தாடை இருக்க, மகள் பின்னாலிருந்து ஒரு சொட்டுச் செயற்கைக் கண்ணீரை இடக்கண்ணில் விட்டாள். கோப்பி சிமிட்டியது. உதட்டை நக்கியது. எழுந்து ஓடவில்லை. யாரும் கைதட்டக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

வலக்கண் இன்னும் எளிதாகவில்லை. நோய் முற்றிய கண் அது, அதிகம் வலித்திருக்கும். அந்தப் பக்கம் கை போனால் கோப்பி பத்தில் மூன்று முறை திரும்பிக்கொள்ளும். பள்ளிக்குப் போகும் அவசரத்தில் அந்த மூன்று முறைகளும் மகளுக்குப் பெரிய சோதனை. பேருந்து போய்விடும்போல் இருக்கும். பிடித்து ஊற்றிவிடலாம் என்று கை துடிக்கும். அப்போதெல்லாம் அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவாள். ஒருமுறை உண்மையாகவே பேருந்து போய்விட்டது.

சைக்ளோஸ்போரின் உடனே வேலை செய்யும் மருந்தன்று. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எட்டாம் வாரம் மருத்துவர் மீண்டும் தாளைச் செருகிப் பார்த்தார். இடக்கண்ணில் 14 மில்லிமீட்டர், வலக்கண்ணில் 11. வலக்கண்ணின் ஓரத்திலிருந்த கருமை மறையவில்லை. மறையாமலும் இருக்கலாம் என்றார் அவர். ஆனால், முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது அது ஒரு மயிரிழைகூட முன்னேறியிருக்கவில்லை.

அன்றைய இரவு மருந்துக்கு அப்பாவே பாயில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வாரமும் அவர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, கோப்பி அருகில் வந்தால் மட்டும் ஒரு துண்டு போட்டுவந்திருந்தார். விரலில் தடம் மறைந்துவிட்டது. “முதலில் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்பா. அவன் பார்க்கட்டும்,” என்று மகள் மெல்லச் சொன்னாள். கோப்பி கிண்ணத்தைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. எழுந்து இரண்டடி போய் நின்றது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தொலைக்காட்சியில் செய்தி முடிந்து விளம்பரம் வரும் அளவுக்கு நேரம் ஆனது. கோப்பி திரும்பி வந்து, அவருடைய தொடைமேல் தாடையை வைத்து, கிண்ணத்தைப் பார்த்தது.

அப்பாவின் கை நடுங்கியது. சொட்டு மூக்கின்மேல் விழுந்தது. கோப்பி அதை நக்கிவிட்டு, மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தது.